வங்கி நோட்டீஸ் ஒட்டிய வீட்டை ஏலத்துக்கு முன்பே வாங்கலாமா?

கேள்வி இதுதான்: தாம்பரம் பக்கம் ஒரு தனி வீடு பிடித்திருக்கிறது. வீட்டுக்காரரால் கடன் கட்ட முடியவில்லை; வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. "ஏலத்துக்குப் போனால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது, நீங்களே நேரடியாக வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு 5 லட்சம் அட்வான்ஸ் கொடுங்கள், வங்கியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அவர் சொல்லும் வழியில் வாங்கக் கூடாது. வங்கியின் சம்மதம் எழுத்தில் வரும்வரை உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. போகும்போதும் முதல் பணம் அவருடைய கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும், அவர் கைக்கு அல்ல. வங்கிகளுக்கும் வீடு வாங்குபவர்களுக்கும் லீகல் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்த ஒரு விஷயத்தில் தவறியவர்கள்தான் பிறகு வருடக்கணக்கில் அலைகிறார்கள். வீட்டுக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். நாலு பக்கமும் கடன் நெருக்கும்போது 5 லட்சம் கைக்கு வந்தால், அது முதலில் எந்தக் கடன்காரருக்குப் போகும் என்பது அவருக்கே தெரியாது.

வங்கி இப்போது செய்வது 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டத்தின்படி. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன் ஆகும். அப்புறம் 13(2) பிரிவில் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புவார்கள். அதற்குள் கட்டாவிட்டால் 13(4) பிரிவில் சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. உங்களுக்கு முக்கியமானது 13(13). அந்த 60 நாள் நோட்டீஸ் கிடைத்த பிறகு, வங்கியின் எழுத்துபூர்வமான முன் சம்மதம் இல்லாமல் கடன்தாரர் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ வேறு எந்த வகையில் மாற்றவோ கூடாது. மீறினால் 29-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மீறலுக்குத் துணை போகிறவருக்கும் அதே தண்டனைதான். விற்பவரின் பிரச்சினை, நமக்கென்ன என்று நீங்கள் ஒதுங்கிவிட முடியாது.

அடுத்தது, கதவில் ஒட்டியிருக்கும் அந்தக் காகிதத்தை நின்று படியுங்கள். முடிந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவாதீன அறிவிப்பு என்றால், அதே அறிவிப்பு இரண்டு நாளிதழ்களிலும் வந்திருக்கும்; ஒன்று தமிழில். 60 நாள் நோட்டீஸ் எந்தத் தேதியில் போனது, அன்றைக்குப் பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் சுவாதீனம் எடுத்தார்கள், கையெழுத்திட்ட அதிகாரம் பெற்ற அலுவலர் எந்தக் கிளை என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழே சொத்து விவரம் சர்வே எண்ணோடும் நான்கு எல்லையோடும் இருக்கும். நடுவில் ஒரு வரி வரும்: பொதுமக்கள் இந்தச் சொத்தைப் பொறுத்து எந்தப் பரிவர்த்தனையும் செய்ய வேண்டாம், செய்தால் அது வங்கிக்கு வர வேண்டிய இன்ன தொகைக்கும் அதன் வட்டிக்கும் உட்பட்டது என்று. எல்லோரும் சடங்கு வாசகம் என்று தாண்டிப் போகும் வரி அது. நாளைக்கு "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொன்னால், வங்கி வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: சுவாதீனம் காகிதத்தளவிலா, நிஜமாகவே பூட்டிச் சீல் வைத்துவிட்டார்களா? குடும்பம் இன்னும் உள்ளே இருந்தால் முதல் வகை. பூட்டியிருந்தால், பெரும்பாலும் 14-ஆம் பிரிவில் நீதித்துறை நடுவர் அல்லது மாவட்ட ஆட்சியர் உத்தரவு வாங்கி வந்து எடுத்திருப்பார்கள். அப்போது வீட்டைப் பார்ப்பதற்கே சாவிக்கு வங்கியிடம் போக வேண்டும்.

ஏல அறிவிப்பு வந்துவிட்டதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி. முன்பு விற்பனைக்குக் குறித்த நாள் வரை கடன்தாரர் முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கலாம். 2016-ல் 13(8) பிரிவைத் திருத்தினார்கள். இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த உரிமை. அறிவிப்பு பத்திரிகையில் வந்துவிட்டால், பணத்தோடு போய் நின்றாலும் உரிமையாகக் கேட்க முடியாது.

இது எவ்வளவு கடுமையாக அமலாகிறது என்பதற்கு 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கைப் பாருங்கள். நவி மும்பையில் ஒரு சொத்து. ஏலத்தில் ஒரு நிறுவனம் 105.05 கோடிக்கு எடுத்தது. அதன் பிறகு கடன்தாரர் 129 கோடி கொடுத்து மீட்கிறேன் என்றார். உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. அவரும் கட்டிவிட்டு, தன் உரிமையை மூன்றாவது ஆள் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் ஏலம் எடுத்தவர் பக்கம் நின்றது. அறிவிப்பு வெளியான நாளிலேயே மீட்கும் உரிமை போய்விட்டது என்றது. 2024 டிசம்பரில் அதே விவகாரம் மறுபடி வந்தபோது, அந்த மூன்றாவது ஆளுக்கு எழுதிக் கொடுத்ததும் செல்லாது என்றது. அந்த மூன்றாவது ஆளின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்.

அதனால் ஏல அறிவிப்பு வந்துவிட்டால், நேரடியாக வாங்கும் யோசனையை விட்டுவிட்டு ஏலத்திலேயே கலந்துகொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அறிவிப்புக்கும் முதல் ஏலத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்கும். பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை பேங்க்நெட் தளத்தில் தேடலாம். அறிவிப்பு இன்னும் வரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

முதல் வேலை, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போவது. தனியாகப் போனால் இன்னொருவரின் கணக்கு விவரத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. கிளை மேலாளரோடு நின்றுவிடாதீர்கள். கணக்கு என்.பி.ஏ. ஆனதும் முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் வட்டார அலுவலகத்துக்கோ வசூல் பிரிவுக்கோ போயிருக்கும். நோட்டீஸில் கையெழுத்திட்ட அதிகாரம் பெற்ற அலுவலரைத் தேடிப் பிடியுங்கள். "வங்கியில் நமக்கு ஆள் இருக்கு, முடித்துக் கொடுக்கிறேன்" என்று யாராவது நடுவில் வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இதில் ஆள் தேவையே இல்லை. கடனை முழுசாக அடைக்க வருகிறவரை எந்த வங்கியும் திருப்பி அனுப்பாது.

அவர்களிடம் கேட்க வேண்டியது ஒரு கடிதம். வங்கியின் லெட்டர்ஹெட்டில், தேதியோடு, இந்தச் சொத்தை இன்னாருக்கு இன்ன விலைக்கு விற்க 13(13) பிரிவின்படி சம்மதிக்கிறோம் என்று இருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும், அதன் பிறகு நாள் ஒன்றுக்கு எவ்வளவு வட்டி ஏறும் என்பதும் இருக்க வேண்டும். நோட்டீஸில் உள்ள தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது நோட்டீஸ் தேதியின் பாக்கி. உதாரணத்துக்கு அதில் 38 லட்சம் என்று இருந்து ஒரு வருடம் ஓடியிருந்தால், வட்டி, அபராதக் கட்டணம், வக்கீல் செலவு, பத்திரிகை விளம்பரச் செலவு எல்லாம் சேர்ந்து இன்றைக்கு 44 லட்சமாகியிருக்கலாம்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வாசகத்தை நான் விடாமல் கேட்பேன்: இந்தத் தொகை வந்ததும் இந்தச் சொத்தின் மீதான அடமானம் முழுவதும் விடுவிக்கப்படும், கடன்தாரரின் வேறு எந்தக் கணக்குக்காகவும் இந்தச் சொத்தின் பத்திரங்களைப் பிடித்து வைக்க மாட்டோம். வீட்டுக் கடன் என்று நினைத்துப் போவீர்கள். அதே வீட்டைக் காட்டி அவர் கடைக்கு ஓவர்டிராஃப்ட் வாங்கியிருப்பார், மைத்துனர் கடனுக்கு ஜாமீனும் போட்டிருப்பார். வீட்டுக் கடனை அடைத்த பிறகு பத்திரம் வெளியே வராது. கடிதம் வருவதற்கு முன்பே செர்சாய் பதிவேட்டிலும் ஒரு தேடல் போட்டுவிடுங்கள். வங்கிகள் தங்கள் அடமானங்களைப் பதிந்து வைக்கும் மத்தியப் பதிவேடு அது. சிறு கட்டணத்தில் யாரும் தேடலாம். பத்திரத்தை வெறுமனே ஒப்படைத்து வாங்கிய பழைய கடன்கள் சில வில்லங்கச் சான்றில் தெரியாமல் இங்கே தெரியும்.

பாக்கி 44, பேசிய விலை 62 என்றால் கணக்கு எளிது: 44 வங்கிக்கு, மீதி வீட்டுக்காரருக்கு. விலையைவிடப் பாக்கி அதிகம் என்றால் கதை வேறு. அப்போது வங்கி தொகையைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத்தான் ஓ.டி.எஸ்., அதாவது ஒரே தவணைத் தீர்வு என்கிறார்கள். அதை யாரும் உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. மேலிட ஒப்புதல் வர வாரக்கணக்கில் ஆகலாம். வந்தாலும் கெடு தவறினால் சலுகை ரத்து. அதுவரை கட்டியது கடன் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். ஓ.டி.எஸ். ஒப்புதல் கடிதத்தைக் கண்ணால் பார்க்கும் வரை நீங்கள் பணம் எதுவும் போடாதீர்கள்.

வங்கியே தன் அதிகாரத்தில் ஏலம் இல்லாமல் நேரடிப் பேச்சில் உங்களுக்கு விற்கவும் விதிகளில் வழி உண்டு. அதற்கு நிபந்தனைகளைச் சம்பந்தப்பட்டவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மதராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ஒரு வழக்கில், கடன்தாரரோடு அப்படி எழுதிக்கொள்ளாமல் செய்த நேரடி விற்பனை செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் விஷயத்தில் வீட்டுக்காரரே விற்கத் தயாராக இருப்பதால், அவர் எழுதிக் கொடுக்கும் கிரயம், வங்கியின் சம்மதம் என்ற வழிதான் சுத்தம்.

இந்தப் பக்கம் வீட்டின் லீகலை வழக்கம்போல முழுசாகப் பாருங்கள். வங்கி கடன் கொடுத்திருக்கிறது, அப்படியானால் பத்திரம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. வங்கி அன்றைக்குத் தனக்கு வேண்டிய அளவு பார்த்திருக்கும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது வேறு விஷயம். வில்லங்கச் சான்றை பதிவுத்துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். கடன் வாங்கிய தேதிக்குப் பிந்தைய பதிவுகளை நிதானமாகப் படியுங்கள். வேறொரு கடன்காரர் வாங்கிய நீதிமன்ற ஜப்தி, கூட்டாளிக்குப் போட்ட கிரய ஒப்பந்தம், மகனுக்கு எழுதிய பவர், எல்லாம் அங்கேதான் வரும். ஜப்தி இருந்தால் அது நீங்கும் வரை தொடாதீர்கள். ஜப்திக்குப் பிறகு செய்யும் தனிக் கிரயம் ஜப்தி வாங்கியவருக்கு எதிராகச் செல்லாது. மூலப்பத்திரங்கள் வங்கியில் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து உங்கள் வக்கீல் பார்க்க அனுமதி கேளுங்கள், நகலை மட்டும் வைத்து ஒப்பினியன் எழுதச் சொல்லாதீர்கள். கடன் வாங்கியவர் இறந்து வாரிசுகள் விற்கிறார்கள் என்றால், வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும்.

வீட்டுக்காரர் வங்கி நடவடிக்கையை எதிர்த்து 17-ஆம் பிரிவில் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறாரா என்றும் கேளுங்கள். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் தீர்ப்பாயம் இருக்கிறது; பெயர் போட்டு இணையத்தில் தேடலாம். வழக்கு இருந்தால் பயப்பட வேண்டாம். பணம் கட்டும் நாளில் இரு தரப்பும் சமரச மனு போட்டு முடித்துக்கொள்ள வேண்டும், அதுவும் எழுத்தில் வர வேண்டும்.

மாடியில் யாராவது குடியிருந்தால் கீழே இருப்பவரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். பணக் கஷ்டத்தில் இருக்கும் வீடுகளில் மாடியை ஒத்திக்கு விட்டு ஏழெட்டு லட்சம் வாங்கியிருப்பது சாதாரணம். அந்தக் குடும்பம் தன் பணம் திரும்பி வராமல் காலி செய்யாது; அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. அந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்து, கிரய நாளன்றே அவர்களுக்கு நேரடியாகப் போகும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒப்பந்தம். வங்கிக் கடிதம் வந்த பிறகு, அதையே அடிப்படையாக வைத்து மூன்று பேரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் போட முடிந்தால் மிக நல்லது. வங்கி கையெழுத்திட மறுத்தால், உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே போட்டு வங்கிக் கடிதத்தை இணையுங்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்வது பாதுகாப்பு இல்லை. அட்வான்ஸ் என்று எதைக் கொடுத்தாலும் கடன் கணக்கு எண்ணுக்கே ஆர்.டி.ஜி.எஸ். செய்யுங்கள். வீட்டுக்காரருக்கு அவசரச் செலவுக்கு ஏதாவது வேண்டும் என்றால் சிறு தொகையைக் காசோலையாகக் கொடுங்கள். சொத்து விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு.

பதிவு நாள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். காலையில் வங்கியில் 44 லட்சத்துக்கு டிமாண்ட் டிராஃப்ட், கடன் கணக்கு எண்ணோடு. வங்கி அலுவலர் மூலப்பத்திரக் கட்டோடும் அடமான ரத்து ரசீதோடும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவார். முதலில் அந்த ரசீது பதிவாகும். அதே நாளில் அடுத்த டோக்கனில் உங்கள் கிரயம். பத்திரத்தின் பிரதிபலன் பத்தியில் இன்ன டிராஃப்ட் எண் வங்கிக் கடனுக்கு, இன்ன டிராஃப்ட் விற்பவருக்கு என்று பிரித்து எழுதுங்கள். கையெழுத்தும் கைரேகையும் முடிந்த பிறகுதான் விற்பவரின் டிராஃப்ட் கை மாற வேண்டும். மூலப்பத்திரக் கட்டைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா வங்கியும் அலுவலரை அனுப்பாது. பணம் கட்டி சில நாள் கழித்துத்தான் பத்திரம் தருவோம் என்றால் அந்த நாட்களுக்கும் எழுத்து வாங்குங்கள். முழுக் கடனும் அடைந்த 30 நாளில் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

நீங்களும் வங்கிக் கடன் வாங்கித்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் வங்கியிடம் இந்தக் கதையை அப்படியே சொல்லுங்கள். என்.பி.ஏ. ஆன சொத்து என்றதும் கையை விரிக்கும் வங்கிகள் உண்டு. ஒப்புக்கொள்பவர்கள் பணத்தை நேராகப் பழைய வங்கிக்குக் கொடுத்துப் பத்திரத்தை நேராகத் தாங்கள் வாங்கிக்கொள்வார்கள். உங்களுக்கு அது இன்னும் பாதுகாப்பு. ஆனால் லீகல், வேல்யூவேஷன் என்று நாட்கள் ஓடும், அதற்குள் ஏல அறிவிப்பு வந்துவிடலாம். வங்கிக் கடிதத்தில் கெடு கேட்கும்போதே அதைக் கணக்கில் வைத்துக் கேளுங்கள். அந்தக் கெடு வரை ஏல அறிவிப்பு வெளியிட மாட்டோம் என்ற வரியையும் கேளுங்கள்.

வரி விஷயத்தில் இரண்டு இடத்தில் கால் இடறும். விலையோ அரசின் வழிகாட்டி மதிப்போ 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், இரண்டில் எது அதிகமோ அதில் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். வழிகாட்டி மதிப்பு விலையைத் தாண்டாவிட்டால் 62 லட்சத்துக்கு 62,000 ரூபாய். வங்கி தனக்கு வர வேண்டியதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கை முடிக்காது, அதனால் இதை விற்பவரின் பங்கிலிருந்துதான் கழிக்க வேண்டும். இதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். பதிவு அலுவலக வாசலில் சண்டை வேண்டாம். இரண்டாவது, வழிகாட்டி மதிப்பு. அவசர விற்பனை என்று விலை குறைந்திருக்கும். வழிகாட்டி மதிப்பு 70 லட்சம், நீங்கள் வாங்குவது 62 என்றால், வித்தியாசம் விலையில் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. அப்போது அந்த 8 லட்சம் முழுவதும் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும்கூட 70-க்குத்தான். இதையெல்லாம் கூட்டிய பிறகுதான் உண்மையில் எவ்வளவு மலிவு என்று தெரியும்.

விலை பேசும்போது ஒன்று. ஏலத்தில் போகும் விலைக்குக் கொடுங்கள் என்று அவரை நெருக்காதீர்கள். ஏலத்தில் எடுப்பவர் உள்ளது உள்ளபடி எடுக்கிறார். உள்ளே இருப்பவரைக் காலி செய்யும் பாடும் சில நேரம் அவர் தலையில். உங்களுக்கு வீட்டைத் திறந்து காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லி, அவரே வந்து கையெழுத்திடுகிறார். அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பிள்ளைகளின் பள்ளித் தேர்வு முடியும் வரை இரண்டு மாதம் இருக்கிறேன் என்று கேட்டால், ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு அதை எழுத்தில் கொடுக்கலாம். வீட்டை இழக்கிற குடும்பத்தின் கையில் நாலு காசு மிஞ்சும்படி வாங்க முடிந்தால் அப்படி வாங்குவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

பதிவு முடிந்த பிறகும் சில வேலைகள் உண்டு. சில நாள் கழித்துப் புதிதாக வில்லங்கம் போட்டு, அடமான ரத்து ரசீதும் உங்கள் கிரயமும் வரிசையாக ஏறியிருக்கிறதா பாருங்கள். செர்சாய் பதிவில் கடன் தீர்ந்தது என்று வங்கி பதிய வேண்டும், அதை நினைவூட்டிக் கடிதம் கொடுங்கள். பட்டா பெயர் மாற்றம், சொத்து வரி, மின் இணைப்பு மூன்றுக்கும் உடனே விண்ணப்பியுங்கள். பழைய மின் பாக்கி இருந்தால் இணைப்பைப் பெயர் மாற்றும்போது உங்களிடம்தான் கேட்பார்கள், அதனால் கடைசி பில் ரசீதைப் பதிவுக்கு முன்பே விற்பவரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.